கேட்டுக் கேட்டுச் செய்யும் பணி: பயிற்சிச் செவிலியரும் உங்கள் பாதுகாப்பும்

“பெயரைக் காலையில்தானே கேட்டீர்கள், மறுபடியும் எதற்கு?” நோயாளிகளும் உடனிருப்போரும் செவிலியரிடம் அடிக்கடி எழுப்பும் கேள்வி இது. இரத்தம் எடுக்க வருபவர் பெயர் கேட்கிறார். மாத்திரை தர வருபவரும், அறுவை அரங்கிற்கு அழைத்துச் செல்ல வருபவரும் அதையே கேட்கிறார்கள். கேட்பவர் பயிற்சிச் செவிலியராக இருந்துவிட்டால், ‘இந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது போலிருக்கிறதே’ என்ற ஐயமும் கூடவே எழுந்துவிடுகிறது.

அந்த ஐயம் இயல்பானதே. வலியும் கவலையும் சூழ்ந்த நேரத்தில், அனுபவம் மிக்க கைகளையே மனம் நாடும். ஆயினும், படுக்கையருகே கேட்கப்படும் ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால், எங்கோ யாருக்கோ நேர்ந்த ஒரு தீங்கின் பாடம் இருக்கிறது. கேட்டுச் செய்வதே பாதுகாப்பான பராமரிப்பின் முதல் இலக்கணம் என்றுதான் செவிலிய மாணவியருக்கும் மாணவருக்கும் கற்பிக்கப்படுகிறது. அவர்கள் எதை, எதற்காகச் செய்கிறார்கள் என்பதை நோயாளியும் குடும்பத்தாரும் அறிந்திருந்தால், அந்தப் பாதுகாப்பு இன்னும் உறுதிப்படும்.

பிழையைத் தடுப்பது எது?

1999-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மருத்துவக் கழகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. தவறுவது மனித இயல்பு என்று பொருள்படும் தலைப்பைக் கொண்ட அந்த அறிக்கை, அந்நாட்டு மருத்துவமனைகளில் தடுத்திருக்கக்கூடிய பிழைகளால் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர் வரை உயிரிழப்பதாக மதிப்பிட்டது. இந்த எண்ணிக்கை உலகையே திடுக்கிட வைத்தது. அதைவிட முக்கியமானது அந்த அறிக்கை எடுத்துரைத்த காரணம். பெரும்பாலான பிழைகள் கெட்ட மனிதர்களாலோ சோம்பேறிகளாலோ நிகழ்வதில்லை. நல்லெண்ணம் கொண்ட, திறமையுள்ள பணியாளர்களே அவசரத்திலும் களைப்பிலும் தவறு செய்கிறார்கள். ஆகவே, ஒருவரின் நினைவாற்றலை மட்டும் நம்பியிராமல், ஒருவர் கண்ணுக்குத் தப்பியது மற்றொருவர் கண்ணில் படும்படி வேலையின் முறையையே அமைக்கவேண்டும் என்பது அதன் முடிவு.

இன்றைய செவிலியக் கல்வி இந்தக் கருத்தின்மீதே நிற்கிறது. செவிலியப் பயிற்சி நம் மண்ணுக்குப் புதியதன்று. இந்தியாவில் செவிலியர் பள்ளி முதன்முதலில் 1871-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் தொடங்கியதாகச் செவிலியப் பாடநூல்கள் குறிப்பிடுகின்றன. வேலூரில் 1909-இல் தொடங்கிய செவிலியர் பள்ளி, 1946-இல் பட்டப்படிப்பு வழங்கும் கல்லூரியாக வளர்ந்தது. நாடு முழுவதும் ஒரே தரம் நிலவவேண்டும் என்பதற்காக 1947-இல் இந்தியச் செவிலியர் குழுமச் சட்டம் இயற்றப்பட்டது. பாடத்திட்டமும் கருவிகளும் காலத்திற்கேற்ப மாறியுள்ளன. வார்டில், மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் தொழில் பழகும் முறை மட்டும் மாறவில்லை.

உங்கள் படுக்கையருகே வரும் மாணவி, அதற்குமுன் வகுப்பறையில் உடற்கூறும் மருந்தியலும் படித்திருப்பார். பயிற்சிக்கூடத்தில் மனித உருவப் பொம்மைகளின்மீது ஊசி போடவும், காயம் கட்டவும், படுக்கையில் இருப்பவரைப் புரட்டிவிடவும் பழகியிருப்பார். அதன் பின்னரே, பதிவு பெற்ற செவிலியர் அல்லது ஆசிரியரின் கண்காணிப்பில் நோயாளியிடம் வருகிறார். தம்மை மாணவி என்று சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்வதும், செய்யப்போவதை விளக்கி உங்கள் ஒப்புதல் பெறுவதும் அவருடைய கடமைகள். அவர் செய்யவேண்டாம் என்று மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அப்படி மறுப்பதால் உங்களுக்கான சிகிச்சையில் எந்தக் குறையும் வராது.

பெயர் கேட்கும் முறை

நோயாளியை அடையாளம் காண்பதற்குக் குறைந்தது இரண்டு விவரங்கள் வேண்டும். முழுப்பெயரும் மருத்துவமனைப் பதிவு எண்ணும், அல்லது முழுப்பெயரும் பிறந்த தேதியும். படுக்கை எண்ணை அடையாளமாகக் கொள்ளக்கூடாது. காலையில் 12-ஆம் படுக்கையில் இருந்தவர் மாலையில் வேறு வார்டுக்கு மாற்றப்பட்டிருக்கலாம். அந்தப் படுக்கையில் வேறொருவர் படுத்திருக்கலாம்.

கேட்கும் விதத்திலும் ஒரு நுட்பம் உண்டு. “நீங்கள்தானே லட்சுமி அம்மாள்?” என்று கேட்கக்கூடாது என்பது மாணவியர் கற்கும் தொடக்கப் பாடங்களுள் ஒன்று. காது மந்தமான பெரியவரோ, மயக்க மருந்தின் கலக்கம் தெளியாதவரோ எதைக் கேட்டாலும் தலையாட்டிவிடுவார். “உங்கள் பெயரைச் சொல்லுங்கள்” என்று கேட்டு, பெயரை அவர் வாயாலேயே சொல்லவைத்து, கையிலுள்ள அடையாளப் பட்டையுடன் ஒப்பிட்டுப் பார்ப்பதே முறை.

நம் ஊர் வழக்கங்கள் இதை மேலும் சிக்கலாக்குகின்றன. ஒரே வார்டில் இரண்டு முருகேசன்கள் இருப்பது அரிதன்று. சில வேளை தலைப்பெழுத்தும் ஒன்றாகவே அமைந்துவிடும். வீட்டில் அழைக்கும் பெயர் ஒன்று, ஆதார் அட்டையில் உள்ள பெயர் வேறொன்று என்பது பலருக்கும் உண்டு. கணவரின் பெயரை வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் மூத்த பெண்மணிகளும் இன்றும் இருக்கிறார்கள். இவ்வாறான நேரங்களில் உடனிருப்போர் செய்யக்கூடிய பேருதவி ஒன்று உண்டு: சேர்க்கையின்போது கொடுத்த பெயரையே எங்கும் சொல்லுங்கள், தயக்கம் இருந்தால் மருத்துவமனை அட்டையைக் காட்டுங்கள். கையிலுள்ள பட்டை நனைந்து எழுத்து அழிந்திருந்தாலோ, கழன்றிருந்தாலோ, உடனே செவிலியரிடம் தெரிவியுங்கள்.

இரத்தம் எடுத்த குப்பியில் உங்கள் பெயர்ச்சீட்டு உங்கள் எதிரிலேயே ஒட்டப்பட வேண்டும். குப்பிகளை எடுத்துச் சென்று பின்னர் மொத்தமாகச் சீட்டு ஒட்டினால், ஒருவரின் இரத்த வகை மற்றொருவர் பெயரில் பதிவாகிவிடக்கூடும். இரத்தம் ஏற்றும்போது இது உயிருக்கே ஆபத்தாக முடியும். அதனால்தான் இரத்தப் பையை இருவர் சேர்ந்து சரிபார்க்கிறார்கள். ஏற்றத் தொடங்கிய முதல் 15 நிமிடங்கள் செவிலியர் அருகிலேயே இருந்து கவனிக்கிறார். அப்போது குளிர் நடுக்கம், முதுகுவலி, மூச்சுத்திணறல், உடலில் அரிப்பு என எது தோன்றினாலும், சிறியதென்று எண்ணாமல் சொல்லிவிடுங்கள்.

மருந்து கொடுப்பதற்கு முன்

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். இந்த ஐந்தையும் செவிலிய மாணவியர் மனப்பாடமாகவே வைத்திருப்பார்கள். கொடுத்ததும் உடனே பதிவு செய்வதை ஆறாவதாகச் சேர்ப்பதும் உண்டு. மருந்தின் பெயர்ச்சீட்டை மூன்று முறை படிக்கவேண்டும்: எடுக்கும்போது ஒரு முறை, அளந்து தயாரிக்கும்போது ஒரு முறை, கொடுப்பதற்கு முன் ஒரு முறை. ஒன்றுபோல் ஒலிக்கும் பெயர்களும், ஒன்றுபோல் தோன்றும் அட்டைகளும் மருந்துகளில் ஏராளம் என்பதால் வந்த பழக்கம் இது.

வீட்டிலும் பயன்படக்கூடிய ஓர் எடுத்துக்காட்டு இன்சுலின். நம் நாட்டில் குப்பியில் கிடைக்கும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகு செறிவு கொண்டது. 100 அலகு செறிவு கொண்டதும் உண்டு. இரண்டிற்கும் சிரிஞ்சு வேறு வேறு. 40-க்கு உரியதன் ஊசிமூடி சிவப்பு. 100-க்கு உரியதன் ஊசிமூடி ஆரஞ்சு. 100 அலகு இன்சுலினை 40-க்கு உரிய சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை எடுத்தால், உள்ளே செல்வது 20 அலகன்று, 50 அலகு. இரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கி வியர்வை, நடுக்கம், குழப்பம், நினைவிழப்பு வரை போய்விடும். மாற்றி எடுத்தால், மருந்து போதாமல் சர்க்கரை ஏறும். எனவே குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று மாணவி உரக்கப் படித்துப் பார்த்தால், அது தடுமாற்றமன்று. அவ்வாறே அவர் பழக்கப்பட்டிருக்கிறார். வீட்டில் ஊசி போட்டுக்கொள்பவர்களும் இதையே பின்பற்றலாம்.

மருந்து தொடர்பாக மாணவி கேட்கும் கேள்விகளில், குடும்பத்தார் பெரும்பாலும் மறைத்துவிடுகிற விடைகள் சில உள்ளன. வெளியில் வாங்கிய சித்த மருந்து, நாட்டு மருந்து, பக்கத்து வீட்டார் கொடுத்த வலிநிவாரண மாத்திரை ஆகியவற்றைச் சொன்னால் மருத்துவர் கோபிப்பாரோ என்ற அச்சமே அதற்குக் காரணம். சொல்லாமல் விடுவதே ஆபத்து. இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உட்கொள்பவர் சில வலிநிவாரணிகளையும் சேர்த்து விழுங்கினால், குடலில் இரத்தக் கசிவு ஏற்படலாம். வீட்டிலிருந்து கொண்டுவந்த சர்க்கரை மாத்திரையை உடனிருப்பவர் ஒருபுறமும், வார்டு மாத்திரையைச் செவிலியர் மறுபுறமும் கொடுத்தால் மருந்து இரட்டிப்பாகும். கொண்டுவந்த மருந்துகள் அனைத்தையும் ஒரு பையிலிட்டுச் செவிலியரிடம் காட்டிவிடுவதே நல்லது.

அறுவை சிகிச்சைக்கு முன் “கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?” என்று கேட்பதும் இவ்வகையே. ‘ஒரு வாய் காப்பிதானே’ என்று மறைக்க வேண்டாம். மயக்க மருந்து கொடுத்தபின் இரைப்பையில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கினால், நிலைமை கடுமையாகிவிடும். உண்மையைச் சொன்னால் அறுவை சில மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவே.

எண்களைப் படிப்பது

உடல் வெப்பம், நாடித்துடிப்பு, மூச்சு, இரத்த அழுத்தம், இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவு ஆகியவற்றைக் குறித்த இடைவெளியில் பார்த்து எழுதுவது பயிற்சிச் செவிலியரின் அன்றாட வேலை. உறங்கும் நோயாளியை நள்ளிரவில் எழுப்பிப் பார்ப்பது சிலருக்கு இரக்கமற்ற செயலாகத் தோன்றும். ஆனால் நோய் முற்றுவது இரவென்றும் பகலென்றும் பார்ப்பதில்லை.

இவற்றுள் மூச்சைக் கணக்கிடுவதில் ஒரு சுவையான செய்தி உண்டு. ஓய்விலிருக்கும் வளர்ந்தவர் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். “உங்கள் மூச்சை எண்ணப்போகிறேன்” என்று சொல்லிவிட்டால், அவர் தம்மை அறியாமலே மூச்சின் வேகத்தை மாற்றிக்கொள்வார். எனவே நாடி பார்த்து முடித்த பிறகும் மணிக்கட்டைப் பிடித்தபடியே, மாணவி மார்பின் ஏற்ற இறக்கத்தை ஒரு முழு நிமிடம் எண்ணுகிறார். ‘இவ்வளவு நேரமா நாடி பார்ப்பது?’ என்று நீங்கள் நினைக்கும் அந்த நிமிடத்தில், அவர் எண்ணுவது உங்கள் மூச்சை. உடல்நிலை மோசமடையும்போது பலருக்கும் முதலில் மாறுவது மூச்சின் வேகமே. அதை மதிப்பாக எழுதிவிடாமல் எண்ணி எழுதும் மாணவி, வரவிருக்கும் ஆபத்தைச் சில மணி நேரம் முன்னதாகவே கண்டுபிடித்துவிடலாம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி சரியாகக் காட்டவேண்டுமெனில், நகப்பூச்சை அழித்துவிடுவதும் கையைக் குளிரவிடாமல் வைத்திருப்பதும் உதவும்.

கருவி காட்டாததைக் குடும்பத்தார் காண்பதும் உண்டு. “நேற்றுப்போல் பேசவில்லை”, “என்னவோ, இவர் இவராகவே இல்லை” என்ற சொற்களை அலட்சியம் செய்யக்கூடாது என்று செவிலியருக்குக் கற்பிக்கப்படுகிறது. நாற்பது ஆண்டுகள் உடன் வாழ்ந்தவரின் கண் எந்தக் கருவிக்கும் குறைந்ததன்று. தயங்காமல் சொல்லுங்கள், சொன்னபின் யாரும் வந்து பார்க்கவில்லை எனில் மீண்டும் சொல்லுங்கள்.

குளுக்கோஸ் பாட்டிலும் இளநீரும்

குளுக்கோஸ் ஏறும்போது மாணவி கடிகாரத்தைப் பார்த்துத் துளிகளை எண்ணுவதைக் கண்டிருப்பீர்கள். 500 மில்லிலிட்டர் பாட்டில் 5 மணி நேரத்தில் ஏறவேண்டும் என்றால், மணிக்கு 100 மில்லிலிட்டர். ஒரு மில்லிலிட்டருக்கு 20 துளி விழும் குழாயாயின், நிமிடத்திற்கு ஏறத்தாழ 33 துளிகள். குழாயின் வகை மாறினால் இந்தக் கணக்கும் மாறும். ‘சீக்கிரம் முடிந்தால் வீட்டுக்குப் போகலாமே’ என்று உடனிருப்பவர் குழாயின் சக்கரத்தைத் திருகிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவருக்கு அந்த நீர் நுரையீரலில் தேங்கி மூச்சுத்திணறலை உண்டாக்கலாம். துளி நின்றாலும், ஊசி குத்திய இடம் வீங்கினாலும், வலித்தாலும், அழைப்பு மணியை அழுத்துங்கள். நீங்களே சரிசெய்ய முயல வேண்டாம்.

பார்க்க வருவோர் அன்போடு கொண்டுவரும் இளநீரும் இவ்வாறே. பலருக்கு நல்லதான இளநீரில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் செயலிழந்தவரின் உடலால் அதை வெளியேற்ற இயலாது. அது இரத்தத்தில் சேர்ந்து இதயத் துடிப்பையே குலைத்துவிடும். கொடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

புரட்டுதலும் ஊட்டுதலும்

எழுந்து நடமாட முடியாதவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்கவேண்டும். எலும்பு துருத்திய இடங்களான முதுகின் கீழ்ப்பகுதி, இடுப்பு, குதிகால், பின்னந்தலை ஆகியவற்றில் தோல் தொடர்ந்து அழுந்தினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் படுக்கைப்புண் உண்டாகும். புரட்டும்போது மாணவி தோலில் சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்ப்பார். அழுத்தினால் வெளுத்து மீண்டும் சிவந்தால், இரத்த ஓட்டம் இருக்கிறது. வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால், புண் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த இடத்தில் எண்ணெய் விட்டுத் தேய்ப்பது பலரின் வழக்கம்; அது நலிந்த தோலை மேலும் சிதைக்கும். நடுவில் ஓட்டையுள்ள வளையத்தின்மீது உட்காரவைப்பதும் இப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை. வளையத்தின் விளிம்பு அழுந்திச் சுற்றியுள்ள இரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது.

உணவு ஊட்டுவது பெரும்பாலும் குடும்பத்தாரின் கையில் இருப்பதால், இதில் உங்கள் பங்கே பெரிது. படுத்த நிலையில் ஒருபோதும் ஊட்டக்கூடாது. நிமிர்ந்து உட்காரவைத்து, சிறு சிறு கரண்டியாக, முந்தைய வாய் உணவை விழுங்கிவிட்டார் என்று பார்த்த பிறகே அடுத்ததைக் கொடுக்கவேண்டும். முடிந்தபின் அரை மணி நேரமாவது நிமிர்ந்தே இருக்கட்டும். பக்கவாதம் வந்தவருக்கு, விழுங்கும் திறனைச் சோதிக்கும் வரை ஒரு வாய்த் தண்ணீரும் தரக்கூடாது. குடித்தவுடன் இருமினாலோ, குரல் நீர் கோத்ததுபோல் கரகரத்தாலோ, கொடுப்பதை நிறுத்திவிட்டுச் செவிலியரை அழையுங்கள். மூக்குக் குழாய் உள்ளவருக்கு, குழாய் இரைப்பையில்தான் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் சரிபார்த்த பின்னரே கஞ்சி செலுத்தப்படும். அந்தக் காத்திருப்பு வீண் தாமதமன்று.

கழிவறைக்குச் செல்லும்போதுதான் பலர் விழுகிறார்கள். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். முதலில் கட்டில் ஓரத்தில் சற்று நேரம் உட்கார்ந்து, பிறகு துணையுடன் எழவேண்டும். ‘சிஸ்டருக்கு ஏன் தொந்தரவு?’ என்று தனியே போக வேண்டாம்.

“கேட்டுவிட்டு வருகிறேன்”

ஒரு வேலை நேரம் முடிந்து அடுத்தவரிடம் நோயாளியை ஒப்படைக்கும் நேரம் பிழைகள் நுழையும் வாயில். அதனால், தகவலை நான்கு படிகளில் சொல்ல மாணவியர் பழகுகிறார்கள்: இப்போதைய நிலைமை, அதன் பின்னணி, தம்முடைய மதிப்பீடு, செய்யவேண்டியது குறித்த வேண்டுகோள். இந்த முறை அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தோன்றி மருத்துவமனைகளுக்கு வந்தது. தொலைபேசியில் மருத்துவர் சொல்லும் மருந்தை எழுதிக்கொண்டு, அதைத் திரும்பப் படித்துக் காட்டி உறுதிசெய்வதும் அவ்வாறே.

இவ்வளவு முறைகளுக்கும் அடிப்படையாக மாணவியிடம் எதிர்பார்க்கப்படும் துணிவு ஒன்று உண்டு: தெரியாததைத் தெரியாது என்று சொல்வது. நம் சமூகத்தில் மூத்தவரிடம் ஐயம் எழுப்பத் தயங்குவது பண்பாகவே கருதப்படுகிறது. வார்டில் அந்தத் தயக்கம் நோயாளியைத் தாக்கும். ஓர் இளம் மாணவி மருந்துச்சீட்டைப் பார்த்துவிட்டு, “இந்த அளவு எனக்குத் தெளிவாக இல்லை, பொறுப்புச் செவிலியரைக் கேட்டுவிட்டு வருகிறேன்” என்று சொன்னால், தயவுசெய்து முகம் சுளிக்காதீர்கள். ‘தெரிந்தவர் யாரையாவது அனுப்பு’ என்று அதட்டினால், அடுத்த நோயாளியிடம் அவர் கேட்காமலே செய்துவிடக்கூடும். அந்த அடுத்த நோயாளி யாருடைய தாயாகவும் தந்தையாகவும் இருக்கலாம்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2019 முதல் செப்டம்பர் 17-ஆம் நாளை உலக நோயாளர் பாதுகாப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறது. 2023-இல், நோயாளர்களையும் குடும்பத்தாரையும் பாதுகாப்பில் பங்காளிகளாக்குவதையே அது கருப்பொருளாக அறிவித்தது. அந்தப் பங்கை நீங்கள் ஏற்பதற்கு மருத்துவ அறிவு தேவையில்லை. கீழ்க்காணும் சிலவற்றை நினைவில் வைத்தால் போதும்.

உடனிருப்போர் கவனத்திற்கு

• பெயரை எத்தனை முறை கேட்டாலும் முழுமையாகச் சொல்லுங்கள். கேட்காமல் ஊசி போட வந்தால், நீங்களே பெயரைச் சொல்லிப் பட்டையைக் காட்டுங்கள்.
• ஒவ்வாமை தந்த மருந்தின் பெயரை எழுதி வைத்திருங்கள். வேலை நேரம் மாறும்போதெல்லாம் நினைவூட்டுங்கள்.
• மாத்திரையின் நிறமோ எண்ணிக்கையோ மாறியிருந்தால், விழுங்கும் முன் காரணம் கேளுங்கள்.
• தொடுவதற்கு முன் கை சுத்தம் செய்யும்படி செவிலியரிடமோ மருத்துவரிடமோ கேட்கலாம், அது அவமதிப்பாகாது. கிருமிநீக்கித் திரவத்தால் 20 முதல் 30 வினாடிகளும், சோப்பும் நீரும் கொண்டு 40 முதல் 60 வினாடிகளும் தேய்க்கவேண்டும். பார்க்க வருவோருக்கும் இது பொருந்தும்.
• குளுக்கோஸ் குழாய், ஆக்சிஜன் அளவு, மூக்குக் குழாய் ஆகியவற்றை நீங்களே மாற்றியமைக்க வேண்டாம்.
• வீட்டிற்குச் செல்லும் நாளில், மருந்து உட்கொள்ளும் முறையை மாணவி விளக்கியதும், அதை உங்கள் சொற்களில் அவரிடமே திரும்பச் சொல்லிக் காட்டுங்கள். எங்கேனும் புரியாமல் போயிருந்தால், வாசலைத் தாண்டும் முன்பே தெரிந்துவிடும்.